உப்புத் தண்ணீர் குடித்த பேட்டரி வீட்டுக்குள் வேண்டாம்!

மழைக்காலம் வந்தால் சளி, காய்ச்சல், சேற்றுப்புண் பற்றி எழுதுவதுதான் என் வழக்கம். இந்த முறை பேட்டரி பற்றி எழுதப் போகிறேன். ‘சித்த வைத்தியருக்கும் ஸ்கூட்டர் பேட்டரிக்கும் என்ன சம்பந்தம்?’ என்று சிரிக்காதீர்கள். சம்பந்தம் இருக்கிறது. நோய் வந்த பிறகு மருந்து கொடுப்பதைவிட, வராமல் தடுப்பதுதான் மேலான மருத்துவம். தீக்காயமும் அப்படித்தான். பேட்டரி எரிந்து வரும் புகையைச் சுவாசித்தவருக்கு எந்தக் கஷாயத்தாலும் உடனே நிவாரணம் தர முடியாது. ஆனால் அந்தப் புகையே வராமல் செய்ய உங்களால் முடியும்.

பழவேற்காட்டில் பார்த்தது

சென்னைக்கு வடக்கே சுமார் அறுபது கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது பழவேற்காடு. ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுதான். ஏரியையும் கடலையும் ஒட்டி கோட்டைக்குப்பம், அரங்கம்குப்பம், வைரவன்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் என்று மீனவ கிராமங்கள். இங்கே காற்றிலும் உப்பு, தண்ணீரிலும் உப்பு. ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கதவுக் கீல் எதுவானாலும் சீக்கிரமே துருப்பிடித்துவிடும்.

மருத்துவ முகாமுக்காக அந்தப் பக்கம் போனபோது ஒரு வீட்டு வாசலில் மின்சார ஸ்கூட்டர் சார்ஜில் நின்றது. பக்கத்தில் நைலான் வலைக் குவியல், மீன் வைக்கும் தெர்மோகோல் பெட்டி, படகு மோட்டாருக்கான பெட்ரோல் கேன். வீட்டுக்கு இருப்பதே அந்த ஒரு வாசல்தான்.

“புது வண்டியா தம்பி?” என்று கேட்டேன்.

“இல்லீங்க ஐயா. சென்னையில வெள்ளத்துல மாட்டுன வண்டி. பாதி விலைக்கும் கம்மியா வந்துச்சு. ரெண்டு நாள் நல்லா வெயில்ல காயவெச்சோம். இப்ப ஜோரா ஓடுது. பொன்னேரிக்கு இறால் எடுத்துட்டுப் போக வசதியா இருக்கு.”

அந்தத் தம்பியைக் குறை சொல்ல முடியாது. பெட்ரோல் விற்கிற விலையில் மலிவாக ஒரு வண்டி கிடைத்தால் யார்தான் விடுவார்கள்? ஆனால் ‘காயவெச்சோம்’ என்றாரே, அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது.

இது மீனவக் குடும்பங்களின் பிரச்னை மட்டும் என்று நகரத்து வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது சென்னையில் எத்தனை வண்டிகள் தண்ணீரில் நின்றன என்பது உங்களுக்கே தெரியும். வெள்ளத்தில் கெட்ட வண்டியை இன்ஷூரன்ஸ் கம்பெனி ‘முழு நஷ்டம்’ என்று கணக்கு முடித்த பிறகு அது ஏலத்துக்குப் போகும். அங்கிருந்து மெக்கானிக் கை, புரோக்கர் கை என்று மாறி யாரோ ஒருவர் வாசலில் போய் நிற்கும். நீங்கள் விற்ற வண்டி இன்னொரு வீட்டுக் குழந்தையின் தலைமாட்டில் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கலாம்.

பேட்டரிக்குள் என்ன இருக்கிறது?

இன்றைய மின்சார ஸ்கூட்டர்களில் பெரும்பாலும் இருப்பது லித்தியம் அயான் பேட்டரி. ஒரே பெட்டியாகத் தெரிந்தாலும் உள்ளே பல பத்து, சிலவற்றில் பல நூறு சிறிய செல்கள் இருக்கும். ஒரு செல் ஏறக்குறைய 3.7 வோல்ட். இவற்றைக் கோத்து 48, 60, 72 வோல்ட் என்று தருகிறார்கள்.

ஒவ்வொரு செல்லிலும் இரண்டு தகடுகள். ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் இருக்க நடுவே ஒரு பிளாஸ்டிக் தாள். தலைமுடியைவிட மெல்லிய தாள்! சுற்றிலும் சுலபமாகத் தீப்பிடிக்கும் ஒரு திரவம். அதில் லித்தியம் உப்பு ஒன்று கரைந்திருக்கும்.

அடி பட்டோ, உள்ளே ஷார்ட் ஆகியோ ஒரு செல் சூடாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சுமார் 130 டிகிரி செல்சியஸ் வந்தால் அந்தத் தாள் உருகத் தொடங்கும். தகடுகள் ஒட்டும். சூடு இன்னும் ஏறும். ஏறிய சூடு பக்கத்துச் செல்லைப் பிடிக்கும். அது அடுத்த செல்லைப் பிடிக்கும். பட்டாசுச் சரம் வெடிப்பது போலத்தான். பல வகை பேட்டரிகளில் சூடேறிய தகடே பிராணவாயுவையும் வெளிவிடும். அதனால்தான் சாக்கைப் போட்டு மூடினாலும் மணலைக் கொட்டினாலும் உள்ளே எரிவது நிற்பதில்லை.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற வகை இவ்வளவு சீக்கிரம் பொங்குவதில்லை. ஆனால் அதுவும் கெட்டுப்போனால் எரியக்கூடிய வாயுவை விடும். ‘என் வண்டியில் இருப்பது நல்ல வகை’ என்று அசட்டையாக இருக்கக் கூடாது.

உப்பு செய்கிற வேலை

உப்பளத்தில் உப்பு எப்படி எடுக்கிறார்கள்? கடல் நீரைப் பாத்தியில் கட்டி வெயிலில் விடுகிறார்கள். தண்ணீர் ஆவியாகிப் போகிறது. உப்பு தங்குகிறது. நனைந்த பேட்டரியை வெயிலில் காயவைப்பதும் இதே வேலைதான். தண்ணீரை வெளியே அனுப்பி, உப்பை உள்ளே சேமித்து வைக்கிறீர்கள்!

இன்னொன்று. மழைக்காலத்தில் சமையலறை உப்பு ஜாடி கசிந்து ஈரமாகிறதல்லவா? யாரும் தண்ணீர் ஊற்றவில்லை. காற்றில் இருக்கும் ஈரத்தை உப்பே இழுத்துக்கொள்கிறது. பேட்டரிக்குள் படிந்த உப்பும் ஈரமான ராத்திரிகளில் இப்படித்தான் கசியும். உப்பு ஈரத்தில் மின்சாரம் நன்றாகப் பாயும். பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே அது ஒரு கள்ளப் பாதை போட்டுவிடும். அந்த வழியாக மின்சாரம் கசிந்து, இணைப்புகளை அரித்து, பேட்டரிக்குக் காவலாக இருக்கும் மின்னணுப் பலகையையும் கெடுத்துவிடும். ஒரு நாள் அந்தப் பாதை முழுதாக இணையும். அப்போது தீ!

அது எந்த நாள் என்று சொல்ல முடியாது. நனைந்த அன்றே நடக்கலாம். சில நாள், சில வாரம் கழித்தும் நடக்கலாம். அதுவரை வண்டி ‘ஜோராக’ ஓடும். வெளியே குறி காட்டாமல் உள்ளே முற்றும் நோய்களை நாம் பார்த்ததில்லையா? அதே மாதிரிதான்.

அமெரிக்காவில் இதை அனுபவத்தில் கண்டார்கள். 2022 செப்டம்பரில் ஃபுளோரிடா மாநிலத்தை இயான் சூறாவளி தாக்கி, கடல் நீர் ஊருக்குள் புகுந்தது. ஆயிரக்கணக்கான மின்சார வாகனங்கள் பாதிக்கப்பட்டன. அவற்றில் சுமார் 36 தீப்பிடித்ததாக அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறை கூறியது. சில வண்டிகள் புயல் ஓய்ந்த பிறகு இழுத்துச் செல்லும் வழியிலேயே எரிந்தன. ஆயிரத்தில் சிலதுதானே என்று நினைக்கலாம். ஆனால் எந்தச் சிலது என்று முன்கூட்டியே யாருக்கும் தெரியாதே!

பழவேற்காட்டில் இந்த ஆபத்துக்குப் புயல்கூட வேண்டியதில்லை. மீன் கூடையில் ஐஸ் உருகி, உப்பும் மீன் நீரும் கலந்து வண்டியின் கால் வைக்கும் தட்டில் தினமும் வடிகிறது. பல வண்டிகளில் பேட்டரி இருப்பதே அந்தத் தட்டுக்குக் கீழேதான், அல்லது சீட்டுக்குக் கீழே. கடல் பொங்கும் நாட்களில் சாலையில் நிற்கும் உப்பு நீரில் வண்டியை ஓட்டுவதும் உண்டு.

‘ஐபி 67 என்று போட்டிருக்கிறதே, தண்ணீர் புகாதே?’ என்று படித்தவர்கள் கேட்கலாம். அந்தச் சோதனை ஒரு மீட்டர் ஆழத்தில், நல்ல தண்ணீரில், அரை மணி நேரம் மட்டும். நாட்பட்ட ரப்பரும், ஒருமுறை பிரித்து மூடிய பெட்டியும், ராத்திரி முழுக்க நின்ற உப்பு நீரும் அந்தக் கணக்கில் வராது.

நெருப்பைவிடப் புகை கொடியது

2022 மார்ச்சில் வேலூர் அருகே சின்ன அல்லாபுரத்தில் இரவில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின்சார ஸ்கூட்டர் தீப்பிடித்தது. தகப்பனாரும் பள்ளிக்கூடம் போகும் மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் செகந்திராபாத்தில் ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த மின்சார ஸ்கூட்டர் ஷோரூமில் தீப்பிடித்து, மேலே இருந்த லாட்ஜுக்குப் புகை ஏறியது. எட்டுப் பேர் உயிரிழந்தார்கள். இந்த இரண்டு இடங்களிலும் வண்டிகள் கடல் நீரில் மூழ்கியவை அல்ல. சாதாரண வண்டிகளின் தீயே இவ்வளவு செய்கிறது என்றால் உப்பு புகுந்த வண்டி பற்றிச் சொல்ல வேண்டுமா?

இந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு உண்டு. நிறமில்லை, மணமில்லை. ரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய இடத்தில் இது ஏறி உட்கார்ந்துகொள்ளும். தலைவலி, வாந்தி, மயக்கம் என்று போய், தூங்குகிறவர் தூக்கத்திலேயே முடிந்துவிடலாம். அடுத்தது ஹைட்ரஜன் ஃபுளோரைடு. பேட்டரியில் உள்ள லித்தியம் உப்பு சூட்டிலும் ஈரத்திலும் சிதையும்போது வருவது. கண், தொண்டை, நுரையீரலை அரிக்கும். தோலில் பட்டால் முதலில் சின்ன எரிச்சல் போலத் தோன்றி ஆழமாக இறங்கும்.

ஆரம்பத்தில் புகை வெள்ளையாக, நீராவி மாதிரி இருக்கும். ‘தண்ணி ஆவியாகுது, வேறொண்ணுமில்ல’ என்று குனிந்து பார்க்காதீர்கள். அது எரியும் வாயு. குபீரென்று பிடிக்கும்.

ஓரிரண்டு அறை உள்ள வீட்டில், ஒரே வாசலில், வலைக்கும் பெட்ரோலுக்கும் நடுவே ராத்திரி சார்ஜ் போடக் கூடாது என்று நான் மன்றாடுவது இதனால்தான். தீ பிடிக்கும் இடமே தப்பிக்கும் வழியாகவும் இருந்தால் எங்கே ஓடுவது?

பழைய வண்டி வாங்கும் முன்

* வெள்ளத்தில் மூழ்கியதா என்று நேராகக் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் விவரம் பாருங்கள். சீட்டுக்கு அடியில் சேறு, பச்சைக் களிம்பு, துரு, ஊறிய நாற்றம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

* 2022 தீ விபத்துகளுக்குப் பிறகு மத்திய அரசு பேட்டரிப் பாதுகாப்பு விதிகளைக் கடுமையாக்கியது. ஏஐஎஸ் 156 எனப்படும் அந்தத் திருத்தம் 2022 டிசம்பரிலும் 2023 மார்ச் இறுதியிலும் இரு கட்டமாக அமலுக்கு வந்தது. வண்டி எந்த ஆண்டு, எந்த மாதம் தயாரானது என்று பார்த்து வாங்குங்கள்.

* பழைய பேட்டரிகளைப் பிரித்து, ‘நல்ல’ செல்களைப் பொறுக்கிக் கட்டிய பேட்டரி வேண்டவே வேண்டாம். வண்டிக்கும் வேண்டாம், வீட்டு விளக்குக்கும் வேண்டாம், படகு விளக்குக்கும் வேண்டாம்.

* வண்டியோடு வந்த சார்ஜரே வேண்டும். ‘பின் பொருந்துது’ என்பதற்காக வேறு சார்ஜர் போடாதீர்கள்.

* வண்டி பிடித்திருந்து பேட்டரி சந்தேகமாக இருந்தால், கம்பெனி சர்வீஸில் புது பேட்டரி போடும் செலவையும் சேர்த்து விலையைக் கணக்குப் பாருங்கள். அப்போதுதான் ‘பாதி விலை’ உண்மையில் என்ன விலை என்று தெரியும்.

வண்டி தண்ணீரில் மூழ்கிவிட்டால்

சாவி போட்டுப் பார்க்காதீர்கள். சார்ஜ் போடாதீர்கள். படகு மோட்டாரில் உப்பு ஏறினால் நல்ல தண்ணீர் விட்டு அலசுவது மீனவர்களுக்குக் கைவந்த பழக்கம். அது மோட்டாருக்குச் சரி. மூடிய பேட்டரிக்குள் புகுந்த உப்பை அப்படி அலசி எடுக்க முடியாது. பேட்டரியைத் திறக்கவும் கூடாது.

புகையோ சூடோ சத்தமோ இல்லை என்றால் மட்டும் வண்டியைத் தள்ளி, வீடு, படகு, வலைக் கொட்டகை எல்லாவற்றிலிருந்தும் குறைந்தது ஐம்பது அடி தள்ளித் திறந்தவெளியில் நிறுத்துங்கள். குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். பிறகு கம்பெனி சர்வீஸுக்குச் சொல்லுங்கள். ‘உப்புத் தண்ணீரில் நின்ற வண்டி’ என்று மறைக்காமல் சொல்லுங்கள். வந்து தூக்குகிறவரின் உயிரும் உயிர்தானே!

‘தொல்லை விட்டது’ என்று பேட்டரியை ஏரியில் வீசிவிடவும் கூடாது. அந்த ஏரியின் நண்டும் இறாலும்தான் அந்த ஊரின் சோறு. உலோகமும் ஃபுளோரைடும் அதில் கலக்க வேண்டாம். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. காயலான் கடைக்குப் போட வேண்டாம். டீலரிடம் கேளுங்கள்.

தீப்பிடித்தால்

பேட்டரி உப்பியிருந்தாலோ, ‘உஸ்’ என்ற சத்தம், படபடவென்ற வெடிப்பு, நெயில் பாலிஷ் போன்ற நெடி, கை வைக்க முடியாத சூடு இருந்தாலோ எதையும் எடுக்க நிற்காதீர்கள். எல்லோரும் வெளியே! வரும்போது கதவைச் சாத்திவிட்டு வாருங்கள். மெயின் சுவிட்ச் தீக்குத் தள்ளி இருந்தால் மட்டும் அணையுங்கள். புகை சூழ்ந்துவிட்டால் தரையோடு குனிந்து வாருங்கள். குளியலறைக்குள் போய் ஒளிய வேண்டாம். பிறகு 101 அல்லது 112-க்குப் போன் செய்து ‘லித்தியம் பேட்டரித் தீ’ என்று சொல்லுங்கள். தீயணைப்பு வீரர்கள் ஏராளமான தண்ணீர் விட்டுப் பேட்டரியைக் குளிர வைப்பார்கள்.

அணைந்த பிறகும் உடனே பக்கத்தில் போகாதீர்கள். நாங்கள் மருந்து செய்ய அகலில் வைத்துச் சீலைமண் செய்து புடம் போடுவோம். வரட்டி எரிந்து சாம்பலான பிறகும் உள்ளே கனல் இருக்கும். முழுவதும் ஆறும்வரை கை வைக்க மாட்டோம். பேட்டரியும் அப்படித்தான். சில மணி நேரமோ, சில நாளோ கழித்துக்கூட மறுபடி பற்றும்.

முதலுதவி

தீக்காயத்தில் ஓடும் குளிர்ந்த தண்ணீரை இருபது நிமிடம் விடுங்கள். ஐஸ் வேண்டாம். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்காதீர்கள். சுத்தமான துணியால் லேசாக மூடி 108-ஐக் கூப்பிடுங்கள். இங்க், பற்பசை, மஞ்சள், முட்டை வெள்ளை, எண்ணெய் எதுவும் தடவ வேண்டாம். புண் ஆற்ற மத்தன் தைலம் போன்றவை எங்கள் மருத்துவத்தில் உண்டு. ஆனால் அவை புதுத் தீக்காயத்துக்கு அல்ல. இதைச் சித்த வைத்தியனான நானே சொல்கிறேன்.

பேட்டரிக் கசிவு தோலில், கண்ணில் பட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருங்கள். வலி குறைவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். பேட்டரி என்று டாக்டரிடம் சொன்னால்தான் அதற்குரிய கால்சியம் மருந்தை அவர் யோசிப்பார்.

புகையைச் சுவாசித்தவருக்குக் குரல் கம்மினாலோ, சளியில் கரி வந்தாலோ, மூச்சு வாங்கினாலோ ஒரு நிமிடம்கூடத் தாமதிக்கக் கூடாது. ‘இப்ப நல்லாத்தான் இருக்கேன்’ என்றாலும் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். நுரையீரலில் நீர் கோப்பது பல மணி நேரம் கழித்தும் வரலாம். ஆடாதோடை சளி இருமலுக்கு அருமையான மூலிகைதான். இந்தப் புகை இருமலுக்கு அதைக் கொடுத்து வீட்டில் உட்காராதீர்கள். இங்கே தேவை ஆக்ஸிஜன்.

முகாமில் கேட்ட கேள்விகள்

“ஐயா, தூங்குற நேரத்துலதான் கரன்ட் சரியா இருக்கு. அப்புறம் எப்ப சார்ஜ் போடுறது?”

விழித்திருக்கும் நேரத்தில்தான் போட வேண்டும் அம்மா. வண்டி ஓடி வந்ததும் உடனே போடாமல் சூடு ஆறவிடுங்கள். எர்த் உள்ள பிளக்கில், வாசலை விட்டுத் தள்ளி, மழை படாத திறந்த இடத்தில் போடுங்கள். வலையும் பெட்ரோலும் பக்கத்தில் கூடாது. நிறைந்ததும் பிளக்கை எடுத்துவிடுங்கள்.

“எங்க வண்டியில இருக்கறது ஆசிட் பேட்டரிங்க. அதுக்குமா பயப்படணும்?”

ஈய ஆசிட் பேட்டரிக்கு இந்தச் சரவெடிக் குணம் கிடையாது. ஆனால் சார்ஜ் ஆகும்போது எரியும் வாயு வரும். ஆசிட் பட்டால் தோல் வெந்துவிடும். காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பக்கத்தில் பீடி பற்றவைக்காதீர்கள்.

“அப்ப மின்சார வண்டியே வேணாமா ஐயா?”

அப்படிச் சொல்ல மாட்டேன். நல்ல வண்டி, நல்ல சார்ஜர், நல்ல இடம் இருந்தால் தாராளமாக ஓட்டுங்கள். பெட்ரோல் வண்டியும் எரியத்தான் செய்கிறது. உப்புத் தண்ணீர் குடித்த பேட்டரியை மட்டும் நம்பாதீர்கள். மீன் ஏற்றினால் கூடைக்கு அடியில் கசியாத பிளாஸ்டிக் தட்டு ஒன்று வையுங்கள். அது போதும், பாதி ஆபத்து குறையும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியை விற்கப் போகும் நகரத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வாங்குகிறவரிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். விலை கொஞ்சம் குறையும்தான். ஆனால் எங்கோ ஒரு குப்பத்தில் அந்த வண்டிக்குப் பக்கத்தில் ஒரு குடும்பம் நம்பிக்கையோடு தூங்கப் போகிறது. அவர்கள் காலையில் நல்லபடியாக எழுந்திருக்க வேண்டும்.